ஏழு கடைகளை மூடிய வரிசை: மதுரையில் ஒரு சூப்பர் மார்க்கெட் குழுமத்தின் கடைசி ஐந்து மாதங்கள்

பின்னணி

2023 ஆகஸ்டில் மதுரைக் குடும்பம் ஒன்று தன் ஏழு சூப்பர் மார்க்கெட்டுகளையும் மூடுவது என்று முடிவெடுத்தது. டிசம்பரில் கடைசிக் கடையின் ஷட்டர் இறங்கியது. அவர்களுடைய ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து அந்த வேலை முழுவதையும் கூட இருந்து பார்த்தவன் நான். ஆள், கடை, வங்கி எதன் பெயரும் இங்கே வராது, தொகைகளை முழு லட்சமாக்கி எழுதியிருக்கிறேன். கடை திறக்க யோசனை சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு, மூட யோசனை சொல்ல ஆளில்லை. அதனால் கெட்டுப்போவது முதலாளியின் பணம் மட்டுமில்லை, பில் போடுகிற பெண்ணின் பணிக்கொடையும் அப்பளம் போட்டுக் கொடுத்தவரின் பாக்கியும் சேர்ந்தே போகிறது.

அப்பா கீழமாசி வீதியில் மொத்தச் சரக்கு எடுத்து வில்லாபுரம் பக்கம் பலசரக்குக் கடை போட்டவர். மகன்கள் இரண்டு பேர் அதை சூப்பர் மார்க்கெட் ஆக்கினார்கள். அப்புறம் நகருக்குள் இன்னும் மூன்று, வெளியே திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி என்று விரித்தார்கள். கப்பலூர் பக்கம் வாடகைக்கு ஒரு குடோன். மொத்தம் 92 ஆட்கள், அதில் முக்கால்வாசி பெண்கள்.

விழுந்த காரணத்தைப் பெரிய கம்பெனிக் கடைகள் மேலும் போனில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கே கொண்டுவருகிறவர்கள் மேலும் போட்டுவிடலாம், அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் புத்தகத்தைப் புரட்டினால் வேறு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. சரக்கு வாங்குவதற்காக வங்கி கொடுத்த சிசி லிமிட் (சரக்கை ஈடாகக் காட்டி வேண்டும்போது எடுத்துக் கட்டும் கடன்) பணத்தை எடுத்து ரேக், ஃப்ரீசர், ஏசி, கட்டட அட்வான்ஸ் என்று போட்டிருந்தார்கள். ரேக் விற்றுப் பணமாகாது. சரக்குக்குப் பணம் இல்லாததால் சப்ளையர் பாக்கி ஏறியது, பாக்கி ஏறியதும் வேகமாக ஓடுகிற சரக்கை ஏஜென்சிகள் நிறுத்தின, சோப்பும் டீத்தூளும் எண்ணெயும் இல்லாத கடைக்கு மறுவாரம் ஆள் வரவில்லை.

ஜூலை: எண்ணிப் பார்த்தபோது

வங்கிக்கு மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டில் சரக்கு 3 கோடி, சப்ளையர் பாக்கி 80 லட்சம் என்று போய்க்கொண்டிருந்தது. மீதியில் 25 சதவீதம் மார்ஜின் கழித்தால் 1 கோடியே 65 லட்சம் வரை எடுக்கலாம், எடுத்திருந்தது 1 கோடியே 60 லட்சம். காகிதத்தில் எல்லாம் சரி. ஜூலையில் கணக்கு எஸ்எம்ஏ-1 என்ற எச்சரிக்கை வகைக்குப் போனது, அதாவது நிலுவை 30 நாளைத் தாண்டிவிட்டது, 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். வங்கி சரக்குத் தணிக்கைக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னபோதுதான் ஏழு கடையிலும் குடோனிலும் ஒரே நேரத்தில் ஆட்களை நிறுத்திக் கையால் எண்ண வைத்தார்கள்.

கொள்முதல் விலையில் சரக்கு 2 கோடியே 10 லட்சம். கம்ப்யூட்டரில் இருந்த மீதி ரேக்கில் இல்லை. திருட்டு கொஞ்சம், டேமேஜ் கொஞ்சம், மிச்சம் பில் போடாமல் ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குப் போனது, உள்ளே பதிந்து வெளியே பதியாதது. சப்ளையர் பாக்கியும் 80 லட்சமில்லை, 1 கோடியே 15 லட்சம். உண்மைக் கணக்கைப் போட்டால் டிராயிங் பவர், அதாவது எடுக்கக்கூடிய வரம்பு, 71 லட்சம்தான். வங்கிக்குத் தெரியாமல் ஏறக்குறைய 90 லட்சம் அதிகமாக எடுத்தாகிவிட்டது.

எண்ணிய சரக்கின் குணம் இன்னும் மோசம். அரிசி, பருப்பு, எண்ணெய் என்று தானாக விற்பது கால்வாசிகூட இல்லை. பிளாஸ்டிக், பொம்மை, எவர்சில்வர், குளியலறைச் சாமான், விற்காத பிராண்டுகளின் பிஸ்கட், ஸ்கீமுக்கு ஆசைப்பட்டு எடுத்த ஷாம்பு, இவையே நிறைய. 12 லட்சம் ரூபாய்ச் சரக்கு ஏற்கெனவே எக்ஸ்பைரி ஆகியிருந்தது. உசிலம்பட்டிக் கடையின் பின்னறையில் துவரம் பருப்பு மூட்டைகளில் வண்டு.

ஆகஸ்ட்: முடிவும் வரிசையும்

முதலில் பேசப்பட்டது இரண்டு கடையை மூடிவிட்டு ஐந்தை நடத்துவது. அதற்குப் புதிதாக 70, 80 லட்சம் கையிலிருந்து வேண்டும், குடும்பத்திடம் இருந்தது வங்கியில் அடமானமாகக் கிடக்கும் ஒரு மனை மட்டும். அந்த மனையை விற்று மறுபடி சரக்கில் போடுவதா, இல்லை அது கையில் இருக்கும்போதே எல்லோருக்கும் கணக்கு முடிப்பதா என்பதுதான் கேள்வி. அண்ணன் இரண்டாவதைச் சொன்னார், தம்பி ஒத்துக்கொள்ள ஒரு வாரம் ஆனது.

அதற்கப்புறம் தம்பி சொன்ன யோசனை, ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தோடு கூட்டமாக ஏழு கடையிலும் ஒரே நாளில் ‘எல்லாமே 50 சதவீதம்’ என்று பேனர் கட்டிவிடுவது. ரொம்பப் பேர் செய்வது இதுதான், இதைத்தான் கடுமையாக மறுத்தோம். கம்பெனிப் பலசரக்கில் கடைக்காரருக்கு மார்ஜின் பெரும்பாலும் 8 முதல் 12 சதவீதம். அதைப் பாதி விலைக்குப் போட்டால் முதல் இரண்டு நாளில் நல்ல சரக்கு முழுக்க நஷ்டத்தில் காலியாகும். வாங்குகிறவர்களில் பாதிப்பேர் பக்கத்துக் கடைக்காரர்களாக இருப்பார்கள். பொம்மையும் பிளாஸ்டிக்கும் அங்கேயே நிற்கும். பேனரைப் பார்த்த அன்றைக்கே எல்லா சப்ளையரும் வாசலில் நிற்பார்கள், ஆட்கள் சம்பளத்துக்கு பயந்து வேலைக்கு வராமல் போவார்கள், திரும்பிப் போகக்கூடிய சரக்குக்கூட அந்தக் கலவரத்தில் போகாது.

தமிழ்நாட்டு சப்ளையர்களுக்கு இந்த பயம் சும்மா வரவில்லை. 1997-இல் சென்னையில் தொடங்கி நாடு முழுக்கச் சுமார் 1,600 கடை வரை போன சுபிக்ஷா, கையில் பணம் வற்றி 2009-இன் தொடக்கத்தில் நின்றுபோனதை ஏஜென்சி நடத்துகிற எவரும் மறக்கவில்லை. பேனர் ஒன்று தொங்கினால் அவர்களுக்கு ஞாபகம் வருவது அதுதான்.

அதனால் வரிசை இப்படி ஆனது. முதலில் வங்கி, அடுத்தது வேலை பார்ப்பவர்கள், அப்புறம் சப்ளையர்கள், கடைசியில் வாடிக்கையாளர்கள். தீபாவளிச் சீட்டு கட்டியிருந்தவர்கள் மட்டும் இதற்கெல்லாம் வெளியே, அவர்களுடைய பணம் முதலிலேயே தனியாக எடுத்து வைக்க வேண்டியது. மாதம் 500 ரூபாய் வீதம் 10 மாதம், 280 பேர், 14 லட்சம். பெரும்பாலும் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள், தீபாவளிக்கு எண்ணெயும் மைதாவும் சர்க்கரையும் கையில் வந்து சேரும் என்று நம்பிக் கட்டியவர்கள். இந்தப் பணத்தைத் தொடக்கூடாது என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை, அந்த ஒரு காரணத்துக்காகவே அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

வங்கியிடம் உண்மை எண்ணிக்கையைக் கொண்டுபோய் வைத்தார் அண்ணன். சரக்கு கடையில் இருந்தாலும் முழுக்க வங்கிக் கடனுக்கு ஈடாக ஹைபாதிகேஷன் ஆகியிருக்கிறது, வங்கிக்குச் சொல்லாமல் மொத்தமாக விற்பது குற்றத்தில் போய் முடியும். மேலாளர் முதலில் கோபப்பட்டார், பிறகு எழுத்தில் ஒரு ஏற்பாடு ஆனது: விற்பனைப் பணம் அத்தனையும் சிசி கணக்கில் விழும், அதிலிருந்து சம்பளம், ஆட்களின் கணக்கு, வாடகை, சீட்டுச் சரக்கு, சிறு உற்பத்தியாளர் பாக்கி இவற்றுக்கு மட்டும் எடுக்க விடுவார்கள், மீதி கடனில் கழியும், மனை விற்கிற வரை நடவடிக்கை எடுக்க மாட்டார்கள். அந்தக் கடிதம் கைக்கு வராமல் வேறு எதையும் தொடங்கவில்லை.

செப்டம்பர்: ஆட்கள், சப்ளையர்கள், திரும்பிப் போன சரக்கு

50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தை மூட, அப்போது நடைமுறையிலிருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டப்படி அரசுக்கு 60 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். செப்டம்பர் முதல் வாரத்தில் அது போனது. அதே நாள் மாலை ஏழு கடையின் ஆட்களையும் ஒரு மண்டபத்தில் கூட்டி அண்ணனே சொன்னார். ஓராண்டு முடித்தவர்களுக்கு முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு, ஐந்தாண்டு முடித்தவர்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை, அதாவது கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்கிய தொகை. ஒவ்வொருவருக்கும் அவரவர் தொகை எழுதிய தாள் கையில் கொடுக்கப்பட்டது. கடைசி நாள் வரை நிற்பவர்களுக்குக் கூடுதலாக அரை மாதச் சம்பளம்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மேலூர்க் கடையில் பதினோரு வருடமாக பில் போடுகிற அக்கா எழுந்து, “போனஸ் தீபாவளிக்கு முன்னாடி வந்துருமா முதலாளி, அதை மட்டும் சொல்லுங்க” என்றார். அண்ணன், “வந்துரும்மா, முதல்ல அதுதான்” என்றார். 8.33 சதவீதம், அக்டோபர் கடைசியில் போட்டாகிவிட்டது. மூடுகிற கடையில் திருட்டு கூடும் என்று எல்லோரும் எச்சரித்தார்கள். இங்கே கடைசி மூன்று மாதத்தில் எண்ணிக்கை வித்தியாசம் முன்பிருந்ததைவிடக் குறைந்தது, அதற்குக் காரணம் அந்தத் தாள் என்றுதான் நான் நம்புகிறேன்.

மறுநாளிலிருந்து சப்ளையர்கள், ஒவ்வொருவராக, போனில் இல்லை நேரில். கேட்டது ஒன்றே: உங்கள் சரக்கில் நல்ல தேதி இருப்பதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், கிரெடிட் நோட் (திரும்பிய சரக்கின் தொகையை பில்லில் குறைக்கும் ஆவணம்) போடுங்கள், பாக்கியில் கழித்துக்கொள்வோம். இதில் ஒரு தேதி முக்கியம். முந்தைய நிதியாண்டில் போட்ட பில்லுக்கான கிரெடிட் நோட்டில் சப்ளையர் தன் ஜிஎஸ்டியைக் குறைத்துக்கொள்ள நவம்பர் 30 வரைதான் நேரம். 2022-23 நிதியாண்டில் வாங்கிய சரக்கு அந்தத் தேதியைத் தாண்டினால், திரும்ப எடுப்பவருக்கு வரியும் சேர்ந்து நஷ்டம், ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால் பழைய பில் சரக்கை முதலில் கட்டி அனுப்பினோம். 46 லட்சத்துக்குக் கேட்டோம், 35 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். தள்ளுபடி போர்டு தொங்குவதற்கு முன்னால், ரேக்கில் வரிசை குலையாமல், அட்டைப்பெட்டி கிழியாமல் இருந்தபோது கேட்டதால்தான் இவ்வளவு.

எல்லாம் சுமுகமாகவும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் சாமான் ஏஜென்சிக்காரர் மேலூர்க் கடை வாசலில் குட்டி யானை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, “பணத்தைக் கொடுங்க, இல்லைன்னா நானே ஏத்திக்கிறேன்” என்று நாலு ஆட்களோடு உள்ளே போய்விட்டார். அவர் பாக்கி நியாயமானது. ஆனால் பில் போட்டு வந்த சரக்கு கடைக்குச் சொந்தம், அதன் மேல் வங்கிக்கு உரிமை, ஒருவரை ஏற்ற விட்டால் மறுநாள் இருபது வண்டி வரும். தம்பி போய் வங்கிக் கடிதத்தின் நகலைக் காட்டி, அவருடைய சரக்கில் பிரிக்காத பெட்டிகளை மட்டும் முறையாகக் கிரெடிட் நோட் போட்டு எடுக்கச் சொல்லி முடித்தார்.

அப்பளம், வத்தல், மசாலாப் பொடி, முறுக்கு என்று வீட்டோடு தொழில் செய்பவர்கள் இருபது பேருக்கு மேல். எல்லாம் சேர்த்து 12 லட்சம். குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. அவர்கள் யாரும் வட்டி கேட்கவில்லை, சட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாது. செப்டம்பர் முடியும் முன் முழுத் தொகையும் கொடுக்கப்பட்டது.

அக்டோபர்: ஏழிலிருந்து மூன்று

காலி ரேக் உள்ள கடையில் யாரும் வாங்க மாட்டார்கள், பாதி விலை என்றாலும் கையை வைக்க யோசிப்பார்கள். ஆகவே ஏழு கடையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரக்கு கிடப்பதைவிட மூன்று கடையில் ரேக் நிறைந்திருப்பது என்று முடிவானது. எதை முதலில் மூடுவது? அதிக நஷ்டக் கடையை என்றுதான் தோன்றும். நாங்கள் பார்த்தது வாடகையையும் ஒப்பந்தத்தையும். இடையில் காலி செய்யக்கூடாத லாக்-இன் காலம் முடிந்து, அட்வான்ஸ் உடனே திரும்பக்கூடிய நகரக் கடைகள் மூன்றும் உசிலம்பட்டியும் அக்டோபரில் மூடின. வில்லாபுரம், திருமங்கலம், மேலூர் நின்றன. திருமங்கலத்துக்கும் மேலூருக்கும் தீபாவளிக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து கூட்டம் வரும், எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் அங்கேதான் விலை போகும்.

ஒரே மாநிலத்துக்குள் ஒரே ஜிஎஸ்டி எண்ணில் உள்ள கிளைகளுக்கிடையே சரக்கு மாற்றினால் வரி இல்லை, டெலிவரி சலான் போதும், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டினால் மட்டும் இ-வே பில். மூடிய கிளைகளைப் பதிவிலிருந்து நீக்க விண்ணப்பமும் கையோடு போனது. ஐஸ்கிரீம், கூல்டிரிங்ஸ் ஃப்ரீசர்கள் பல கம்பெனிக்குச் சொந்தமானவை, அவற்றைத் தவறுதலாக விற்றுவிட்டால் வம்பு, முதலில் அவை போயின.

தீபாவளி

நவம்பர் 12 தீபாவளி. மூன்று கடையிலும் அக்டோபர் நடுவில் ‘கடையை மூடுகிறோம்’ என்று மட்டும் எழுதிய போர்டு வைத்தோம், ‘மாபெரும் ஆஃபர்’ எல்லாம் இல்லை. பலசரக்குக்கு 5 சதவீதத்தில் தொடங்கி 10-க்கு மேல் போகவே இல்லை, அது தானாகத் தீர்ந்தது. பிளாஸ்டிக், பாத்திரம், பொம்மைக்கு 20, பத்து நாள் கழித்து 30, தீபாவளிக்கு முந்தைய வாரம் 40. நகராத சாமானுக்கு மட்டும் அடுத்த படி. ஷாம்பு, பிஸ்கட்டுக்கு ஒன்றுக்கு ஒன்று இலவசம் போட்டோம். இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு எடுத்த வரி வரவை, அதாவது வாங்கும்போது கொடுத்து நம் வரியில் கழித்துக்கொண்ட ஜிஎஸ்டியை, திருப்பிக் கட்ட வேண்டுமே என்று தம்பிக்கு பயம், ஆனால் இரண்டையும் ஒரே விலைக்கு விற்றதாகத்தான் கொள்ள வேண்டும் என்று 2019 மார்ச்சில் வந்த மத்திய மறைமுக வரி வாரியச் சுற்றறிக்கை சொல்கிறது.

இந்த வரி வரவு சாதாரண விஷயமில்லை. அடக்கத்துக்குக் கீழே விற்றாலும் விற்ற விலைக்குத்தான் வரி, வாங்கும்போது எடுத்த வரி வரவு அப்படியே நிற்கும். எக்ஸ்பைரி ஆகி அழித்தாலோ சும்மா கொடுத்தாலோ அந்த வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். 12 லட்சம் எக்ஸ்பைரிச் சரக்குக்காக இப்படிக் கட்டியது ஒன்றரை லட்சம். ஆகவே தேதி நெருங்கும் பொருளைத் தேதிக்கு முன் எந்த விலைக்காவது விற்றுவிட வேண்டும். தேதி முடிந்ததை விற்கக்கூடாது, அதில் பேச்சே இல்லை. பாக்கெட்டுகளைக் கிழித்து, படம் எடுத்து, பதிவு எழுதி அழித்தோம், இல்லாவிட்டால் ஏதாவது சந்தையில் மறுபடி தலைகாட்டும்.

சீட்டுக்காரர்கள் 280 பேருக்கும் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே சாமான் போய்ச் சேர்ந்தது. ரேக்கில் கிடந்த விற்காத எண்ணெயைக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்ற யோசனை வந்தது, வேண்டாம் என்று புதுச் சரக்கு ரொக்கத்துக்கு எடுத்தார்கள்.

நவம்பர் கடைசியும் டிசம்பரும்

தீபாவளி முடிந்ததும் விற்பனை சட்டென்று விழுந்தது. பெரும்பாலான ஆட்கள் கணக்கு முடித்துப் போனார்கள், இருபது பேர் நின்றார்கள். மேலூரும் வில்லாபுரமும் மூடி, மிச்சம் எல்லாம் திருமங்கலத்துக்கு வந்தது. கொள்முதலில் 28 லட்சம் மதிப்புள்ள சரக்கு மிஞ்சியது, அதை லாட்டாக, அதாவது ஒட்டுமொத்தமாக ஒரே விலை பேசி, கொடுத்தது 6 லட்சத்துக்கு. வந்த லாட் வியாபாரிகள் நான்கு பேரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், ஏறக்குறைய ஒரே விலைதான் சொன்னார்கள். ரேக், பில் மெஷின், தராசு, சொந்த ஃப்ரீசர்கள் 11 லட்சத்துக்குப் போயின.

எல்லாம் காலியான பிறகே ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்ய விண்ணப்பித்தோம். ரத்தாகும் நாளில் சரக்கு கையில் இருந்தால் அதற்கு எடுத்த வரவு, அல்லது விற்றால் வரும் வரி, எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் ஜிஎஸ்டிஆர்-10.

கணக்கு முடிந்தபோது

கடைகளில் விற்ற 1 கோடியே 35 லட்சம் கொள்முதல் சரக்குக்குக் கிடைத்தது 1 கோடியே 8 லட்சம். லாட், சாமான்கள், திரும்பிய அட்வான்ஸ் 14 லட்சம் சேர்த்து மொத்தம் 1 கோடியே 39 லட்சம். ஆட்களின் போனஸ், இழப்பீடு, பணிக்கொடைக்கு 31 லட்சம், மூடும் மாதங்களின் சம்பளம், வாடகை, மின்கட்டணத்துக்கு 22 லட்சம், சீட்டு 14, சிறு உற்பத்தியாளர் 12. மீதி 60 லட்சம் வங்கிக்கு. வங்கியின் மிச்சம் ஒரு கோடி மனை விற்று அடைந்தது, அதில் மீந்ததில் பெரிய ஏஜென்சிகளின் 68 லட்சத்தில் பாதி தீர்ந்தது, மற்றப் பாதி மாதத் தவணையில் போகிறது. செக் கேஸ் ஒன்றுகூட வரவில்லை. அண்ணன் இப்போது ஒரு ஏஜென்சியில் விற்பனை மேற்பார்வைக்குப் போகிறார், அவருக்கு அந்த வேலையைக் கொடுத்தவர் பாக்கி வாங்க வேண்டிய சப்ளையர்களில் ஒருவர்.

இன்னொரு முறை என்றால்

லாட் வியாபாரிகளைக் கடைசியில் கூப்பிட்டது தப்பான நேரம். அக்டோபரில் நான்கு கடைகளை மூடியபோதே, நல்ல சரக்கும் கொஞ்சம் கலந்து இரண்டு லாட்டாகப் பிரித்து விலை கேட்டிருக்க வேண்டும். குப்பை மட்டும் மிஞ்சிய பிறகு யார் வந்தாலும் குப்பை விலைதான்.

மே, ஜூன் மாதங்களில் தம்பி சத்தம் போட்ட சப்ளையர்களுக்கு மட்டும் 18 லட்சம் கொடுத்துவிட்டார், சத்தம் போடாதவர்கள் இப்போது தவணையில் காத்திருக்கிறார்கள். எண்ணிக்கை ஜூலைக்குப் பதில் ஏப்ரலில் நடந்திருந்தால், அந்தப் பணமும் மேற்கொண்டு எக்ஸ்பைரி ஆன சரக்கும் மிஞ்சியிருக்கும். ஸ்டாக் ஸ்டேட்மென்டைக் கம்ப்யூட்டரிலிருந்து அப்படியே எடுத்து அனுப்பும் எந்தக் கடைக்காரரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கையால் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பணிக்கொடைக்கு மாதாமாதம் எதுவும் ஒதுக்கி வைக்காததால் அந்தத் தொகை முழுவதும் சரக்கு விற்ற பணத்திலிருந்து போனது. தீபாவளி விற்பனை மந்தமாகியிருந்தால் அந்த மேலூர் அக்காவுக்குத் தாள் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். தீபாவளிச் சீட்டுப் பணமும் தனி வங்கிக் கணக்கில் இருந்திருக்க வேண்டும், கடைக் கல்லாவில் கலந்திருக்கக் கூடாது.

இன்னொன்று, பிஎஃப் தளத்தில் ஒவ்வொருவரும் வெளியேறிய தேதியை நிறுவனம் பதியாவிட்டால் அவர்களால் கணக்கை முடித்துப் பணம் எடுக்க முடியாது. இரண்டு மாதம் கழித்துத் தாங்களே பதிந்துகொள்ளலாம் என்பது பெரும்பாலோருக்குத் தெரியாது. பதிகிற வேலை தெரிந்த கணக்காளர் நவம்பரிலேயே வேறு வேலைக்குப் போய்விட்டதால் ஒன்பது பெண்கள் பிப்ரவரி வரை அலைந்தார்கள். அந்தக் கணக்காளரைத்தான் கடைசி ஆளாக நிறுத்தியிருக்க வேண்டும்.